பதிமூன்று கோடி மாறிகளை 64 பிராசஸ்களில் தீர்ப்பது எப்படி

ஒரு கனசதுரத்துக்குள் வெப்பம் பரவி நிலைத்துவிட்டது. உள்ளே எந்தப் புள்ளியில் எவ்வளவு வெப்பநிலை இருக்கும்? அந்தப் பரவலை விவரிக்கும் புவாசோன் சமன்பாட்டைக் கட்டமாக வெட்டினால் விடை கிடைக்கும். பக்கத்துக்கு 512 புள்ளிகள் வைத்தால் 13,42,17,728 மாறிகளும் அதே எண்ணிக்கையில் நேரியல் சமன்பாடுகளும் வரும். அவற்றின் குணகங்களை அணியாக அடுக்கினால் ஒவ்வொரு வரிசையிலும் மூலைவிட்டத்தில் 6, ஆறு அண்டைப் புள்ளிகளுக்கு −1, மீதி எல்லாம் பூஜ்யம். இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, பல பிராசஸ்களில், அதாவது தனித்தனி மெமரியோடு ஒரே நேரத்தில் இயங்கும் நிரல் பிரதிகளில், இணையாக ஓடும் ஒரு சோல்வரை (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலை) எழுதும் வழியையும் அது எங்கெங்கே சறுக்கும் என்பதையும் பார்ப்போம்.

அணியைக் காரணிகளாகப் பிரித்து ஒரே மூச்சில் விடை காணும் நேரடி முறை இங்கே எடுபடாது. வரிசைகளை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மாற்றி அடுக்கினாலும், முப்பரிமாணக் கட்டத்தில் காரணிப்படுத்தும்போது நிரம்பும் இடம் மாறிகளின் எண்ணிக்கைக்கு 4/3 அடுக்கில் வளரும். முன்னால் வரும் குணகத்தை விட்டுவிட்டாலே 512 ஜிபி மெமரி. ஓர் ஊகத்தில் தொடங்கிச் சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொண்டே போகும் சுற்றுமுறையில் ஒரு வெக்டருக்குச் சரியாக 1 ஜிபி போதும்.

முதலில் சுற்றுகளை எண்ணுங்கள்

இணையாக்குவதற்கு மிக எளிது யாக்கோபி. ஒவ்வொரு புள்ளியும் பழைய மதிப்புகளை மட்டுமே படிப்பதால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பிராசஸ்களை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகும், வரைபடம் நேர்கோடாக வரும். அந்த வரைபடத்தை நம்பி ஏமாறாதீர்கள். நம் கட்டத்தில் யாக்கோபியின் பிழை ஒரு சுற்றுக்கு லட்சத்தில் இரண்டு பங்குகூடக் குறையாது. பிழையைப் பத்து லட்சத்தில் ஒன்றாக்க ஏறத்தாழ 7,37,000 சுற்றுகள் வேண்டும். புதிய மதிப்புகளை உடனுக்குடன் பயன்படுத்தும் காஸ்-சைடலுக்கு அதில் பாதி. சரியான தளர்வு எண்ணோடு எஸ்.ஓ.ஆர். (காஸ்-சைடலின் ஒவ்வொரு திருத்தத்தையும் அந்த எண்ணால் பெருக்கும் முறை) போட்டால் 1,130 அளவில் முடியும். ஆனால் அந்த எண் இங்கே 1.988; அதைச் சற்றுக் குறைவாக வைத்தாலே சுற்றுகள் மளமளவென்று ஏறும். கான்ஜுகேட் கிரேடியன்ட், அதாவது சி.ஜி., அப்படி எந்த எண்ணையும் கேட்பதில்லை. கோட்பாட்டு மேல் எல்லையே 2,370 சுற்றுகள்தான், நடைமுறையில் இன்னும் குறையும். பல அளவுக் கட்டங்களில் மாறி மாறித் தீர்க்கும் மல்டிகிரிடைத் துணைக்குச் சேர்த்தால் பத்துப் பதினைந்து சுற்றில் வேலை முடிந்துவிடும்.

ஆகவே சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்த பிறகுதான் ஒரு சுற்றின் செலவைக் குறைக்க இறங்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சுற்று ஒன்றுக்கு 30 சதவீத நேரத்தை மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். பிரீகண்டிஷனரை, அதாவது சுற்றுகளைக் குறைக்கக் கணக்கை இலகுவாக்கும் துணைப் படியை, மாற்றினால் நூறு மடங்கு கிடைக்கும் இடத்தில் அதைத் தொடுவதே இல்லை.

சி.ஜி.க்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: அணி சமச்சீராக, பாசிட்டிவ் டெஃபினிட்டாக (பூஜ்யமல்லாத எந்த வெக்டருக்கும், அதை அணியால் பெருக்கிய விளைவோடு அதன் உட்பெருக்கம் நேர்மறையாக) இருக்க வேண்டும். நம் அணி இயல்பில் அப்படித்தான். அதைக் கெடுப்பது பெரும்பாலும் எல்லை நிபந்தனை. எல்லைப் புள்ளியின் வரிசையை அழித்து மூலைவிட்டத்தில் 1 போடுவார்கள், அதே புள்ளியின் நெடுவரிசையை அழிக்க மறந்துவிடுவார்கள். அங்கேயே சமச்சீர் போயிற்று. நெடுவரிசையையும் பூஜ்யமாக்கி, அந்த மதிப்புகளை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். சரிபார்க்க எளிய வழி, இரண்டு ரேண்டம் வெக்டர்களை எடுத்து, முதலாவதை அணியால் பெருக்கிய விளைவோடு இரண்டாவதன் உட்பெருக்கமும், இரண்டாவதைப் பெருக்கிய விளைவோடு முதலாவதன் உட்பெருக்கமும் 13, 14 இலக்கங்கள் வரை ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. ஐந்து வரி கோடுதான். இதே சோதனையைப் பிரீகண்டிஷனருக்கும் செய்யுங்கள்.

வெட்டுவது

64 பிராசஸ்களுக்கு 4×4×4 என்று வெட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் 128³ புள்ளிகள். ஒரு முகத்தில் 16,384 எண்கள், அதாவது 128 கேபி. ஆறு முகங்களுக்கும் சேர்த்து 98,304 எண்கள். இதையே பலகை பலகையாக ஒரே திசையில் வெட்டினால் எட்டு அடுக்கு உயரமுள்ள பலகைக்கு இரண்டு முகங்கள்தான், ஆனால் அனுப்ப வேண்டியவை 5,24,288 எண்கள். ஐந்து மடங்குக்கும் மேல். பலகை முறையில் கோடு எழுதுவது சுலபம், பழகுவதற்கு நல்லது. 64 பிராசஸ்களுக்கு உகந்ததல்ல. கட்டம் ஒழுங்கற்றதாக இருந்தால் மெட்டிஸ் போன்ற கிராஃப் பிரிப்பானிடம் வெட்டும் வேலையை விட்டுவிடுங்கள்.

உள்ளூர் அரேயை 130³ என்று ஒதுக்குங்கள். சுற்றிலும் ஓர் அடுக்கு கோஸ்ட் செல்கள், அண்டை வீட்டாரின் மதிப்புகள் வந்து உட்காரும் இடம். பிராசஸ்களுக்கிடையே செய்தி அனுப்புவதற்கான தரநிலையான எம்.பி.ஐ.யின் கார்ட் கிரியேட், கார்ட் ஷிஃப்ட் இரண்டும் அண்டையார் யார் என்று சொல்லிவிடும். கனசதுரத்தின் வெளி விளிம்பில் அண்டையார் இல்லாத இடத்தில் பிராக் நல் திரும்பி வரும், அங்கே அனுப்புவதும் வாங்குவதும் ஒன்றும் செய்யாமல் முடிந்துவிடும். தனியாக இஃப் எழுதத் தேவையில்லை.

சி மொழியில் கடைசிக் குறியீடுதான் மெமரியில் அடுத்தடுத்து இருக்கும். அந்தத் திசைக்குச் செங்குத்தான முகத்தை எடுத்தால் 16,384 எண்களும் ஒன்றுக்கொன்று 1,040 பைட் தள்ளி நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேஷ் லைன் செலவாகும். அந்த முகத்தைத் தனி பஃபரில் நிரப்பி அனுப்புங்கள்.

முகங்களை மாற்றிக்கொள்வது

அதிகம் பேர் இடறும் இடம் இது. எல்லோரும் முதலில் சென்ட், பிறகு ரெசீவ் என்று எழுதினால், 16³ அளவில் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரு முகம் 2 கேபிதான். சிறிய செய்திகளை எம்.பி.ஐ. நூலகம் உடனே தள்ளிவிட்டு சென்டை முடித்துவிடுகிறது. 128³ போட்டவுடன் முகம் 128 கேபி ஆகிறது. இப்போது எதிர்ப்பக்கம் ரெசீவ் போடும் வரை சென்ட் திரும்பாது. எதிர்ப்பக்கமும் தன் சென்டில் நிற்கிறது. நிரல் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல், கோர்கள் நூறு சதவீதம் ஓடியபடியே உறைந்துவிடும். எந்த அளவில் உறையும் என்பது நூலகத்துக்கு நூலகம், நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறும் என்பதால் ஒரு கிளஸ்டரில் ஓடியது இன்னொன்றில் நிற்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

1. ஆறு ஐரெசீவ்களையும் (செய்திக்குக் காத்திருக்காமல் உடனே திரும்பும் ரெசீவ்) முதலில் போடுங்கள்.
2. முகங்களை பஃபரில் நிரப்பி ஆறு ஐசென்ட்களைப் போடுங்கள்.
3. செய்திகள் வழியில் இருக்கும்போதே உள்புள்ளிகளுக்கு, அதாவது 126³ புள்ளிகளுக்கு, பெருக்கலை முடியுங்கள்.
4. வெயிட்ஆல்: எல்லாச் செய்திகளும் முடியும் வரை காத்திருப்பது.
5. வெளி அடுக்கில் மிச்சமிருக்கும் 96,776 புள்ளிகளை முடியுங்கள்.

வெயிட்ஆல் முடியும் முன் அனுப்பும் பஃபரைத் தொடாதீர்கள். தொட்டால் பத்து ஓட்டத்தில் ஒன்று மட்டும் தவறான விடை தரும். அப்படிப்பட்ட பிழையைப் பிடிப்பது மிகக் கடினம்.

இந்த அளவில் வெளி அடுக்கு மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் செய்திப் பரிமாற்ற நேரம் கணக்குக்குள் நன்றாக மறைந்துவிடும்.

சி.ஜி.யின் ஒரு சுற்று

தொடக்கத்தில் தீர்வு பூஜ்யம், எச்சம் (வலப்பக்கத்திலிருந்து அணி × தீர்வைக் கழித்தது) வலப்பக்கத்துக்குச் சமம். எச்சத்தில் பிரீகண்டிஷனரைச் செலுத்தி வருவதே முதல் திசை வெக்டர். எச்சத்துக்கும் அதற்கும் உள்ள உட்பெருக்கத்தை ரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும்:

1. திசை வெக்டரின் முகங்களை மாற்றிக்கொண்டு, அதை அணியால் பெருக்குங்கள்.
2. திசைக்கும் பெருக்கிய விளைவுக்கும் உட்பெருக்கம். அவரவர் பங்கைக் கூட்டி, ஆல்ரெட்யூஸ் (எல்லோர் பங்கையும் கூட்டி எல்லோருக்கும் தருவது). ரோவை இதனால் வகுத்தால் ஆல்ஃபா.
3. தீர்வில் ஆல்ஃபா மடங்கு திசையைக் கூட்டுங்கள். எச்சத்தில் ஆல்ஃபா மடங்கு பெருக்கிய விளைவைக் கழியுங்கள்.
4. புதிய எச்சத்தில் பிரீகண்டிஷனர்.
5. புதிய ரோவும் எச்சத்தின் வர்க்கக் கூட்டுத்தொகையும். இரண்டையும் இரண்டு எண்கள் கொண்ட ஒரே ஆல்ரெட்யூஸில் அனுப்புங்கள்.
6. புதிய ரோவைப் பழையதால் வகுத்தால் பீட்டா. பிரீகண்டிஷன் செய்த எச்சத்தோடு பீட்டா மடங்கு பழைய திசையைக் கூட்டினால் புதிய திசை.

உட்பெருக்கத்தில் கோஸ்ட் செல்களைச் சேர்க்கவே கூடாது. அரேயின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே லூப்பில் கூட்டினால், ஒரு பிராசஸில் சரியாக இருக்கும், ஏனென்றால் அங்கே கோஸ்ட் எல்லாம் பூஜ்யம். எட்டு பிராசஸ்களில் முகப் புள்ளிகள் இரண்டு முறை எண்ணப்பட்டு, ஆல்ஃபா தவறிப்போய், எச்சம் பாதியில் தேங்கி நிற்கும். "ஒன்றில் ஓடுகிறது, எட்டில் ஓடவில்லை" என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாம் படியில் வரும் உட்பெருக்கம் பூஜ்யமோ எதிர்மறையோ ஆனால் உடனே நிறுத்துங்கள். அணியின் சமச்சீரோ பாசிட்டிவ் டெஃபினிட் தன்மையோ எங்கோ போய்விட்டது என்று அர்த்தம். தொடர்ந்து ஓட்டிப் பயனில்லை.

நிறுத்தும் முடிவை எல்லா பிராசஸ்களும் ஒரே சுற்றில் எடுக்க வேண்டும். ஆல்ரெட்யூஸ் எல்லோருக்கும் ஒரே விடையைத் தரும் என்று எம்.பி.ஐ. தரநிலை உறுதி சொல்வதால், அந்த எண்ணை வைத்து முடிவெடுத்தால் ஆபத்தில்லை. அவரவர் கடிகாரத்தைப் பார்த்து "நேரம் முடிந்தது, வெளியேறு" என்று எழுதினால் ஒருவர் வெளியேறுவார், மற்ற 63 பேர் ஆல்ரெட்யூஸில் காத்துக் கிடப்பார்கள். கடிகாரத்தை பூஜ்ய எண் பிராசஸ் மட்டும் பார்த்து எல்லோருக்கும் அறிவிக்கட்டும்.

நேரம் போகும் இடம் மெமரி

அணியை, பூஜ்யமல்லாதவற்றை மட்டும் சேமிக்கும் சி.எஸ்.ஆர். வடிவில் வைத்தால் வரிசைக்கு ஏழு மதிப்புகள், ஏழு நெடுவரிசை எண்கள், ஒரு சுட்டி என 88 பைட். மொத்தம் 11 ஜிபி. ஒரு பெருக்கலுக்கு இதையும் இரண்டு வெக்டர்களையும் மெமரியிலிருந்து நகர்த்த வேண்டும். நொடிக்கு 200 ஜிபி தரும் ஒரு சர்வரில் அதற்குச் சுமார் 0.07 நொடி. அந்த நேரத்தில் நடக்கும் கணக்கோ 188 கோடி மிதவைப்புள்ளிச் செயல்கள் மட்டுமே, நொடிக்கு 2,700 கோடி. சிபியூவின் உச்சத் திறனில் அது சில சதவீதம்தான். இது உங்கள் கோடின் குறை இல்லை. ஜப்பானின் ஃபுகாக்கு சூப்பர் கம்ப்யூட்டர் 2020இல் அடர்ந்த அணிகளுக்கான லின்பேக் சோதனையில் 442 பெட்டாஃப்ளாப்ஸ் காட்டியது, சி.ஜி. வகைச் சோதனையான எச்.பி.சி.ஜி.யில் 16தான்.

குணகங்கள் எங்கும் மாறாத கட்டம் என்றால் அணியைச் சேமிக்கவே வேண்டாம். 6ஐயும் −1ஐயும் லூப்புக்குள்ளேயே எழுதிவிட்டால் 11 ஜிபி அப்படியே மறையும். ஒரு சுற்றின் செலவைக் குறைக்க இதைவிடப் பெரிய வழி இல்லை. அடுத்தது, மூன்றாம் படியின் எச்சத்தையும் ஐந்தாம் படியின் கூட்டலையும் ஒரே லூப்பில் இணைப்பது. எச்ச வெக்டரை மீண்டும் ஒருமுறை படிக்கும் செலவு மிச்சம்.

ஒரு பிராசஸுக்குள் பல த்ரெட்களோடு ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் ஒரு மெமரி பக்கத்தை (பேஜ்) முதலில் எழுதும் த்ரெட் எந்தச் சாக்கெட்டில் (சிபியூ சில்லில்) இருக்கிறதோ, அந்தச் சாக்கெட்டின் மெமரியில்தான் பக்கம் ஒதுக்கப்படும். அரேக்களை ஒரே த்ரெட்டில் பூஜ்யமாக்கினால் எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்து, இரண்டு சாக்கெட் இயந்திரத்தின் அலைவரிசையில் பாதி வீணாகும். கணக்கு ஓடும் அதே பங்கீட்டில் தொடக்க மதிப்புகளையும் இணையாக எழுதுங்கள்.

பக்கத்துக்கு 1,024 புள்ளிகளுக்குப் போகிறீர்கள் என்றால் பூஜ்யமல்லாத மதிப்புகள் 750 கோடியைத் தாண்டும். 32 பிட் முழு எண் 214 கோடியோடு நின்றுவிடும். நூலகத்தை 64 பிட் குறியீடுகளோடு கட்டுங்கள்.

சோதனைக்கு எந்த வலப்பக்கம்?

கையில் தெரிந்த விடை வேண்டும் என்று பலரும் மூன்று சைன்களின் பெருக்கலைத் தீர்வாக எடுத்துக்கொள்வார்கள். அது இந்த அணியின் ஐகன் வெக்டரே (அணியால் பெருக்கினால் திசை மாறாமல் அளவு மட்டும் மாறுவது) என்பதால் சி.ஜி. ஒரே சுற்றில் முடிந்துவிடும்! சோல்வர் பிரமாதம் என்று தோன்றும், பீட்டா தவறாக இருந்தாலும் தெரியாது. ரேண்டம் தீர்வு ஒன்றை எடுத்து, அதை அணியால் பெருக்கி வலப்பக்கத்தை உருவாக்குங்கள். ஒரு பிராசஸிலும் எட்டிலும் ஓட்டி முதல் பத்துச் சுற்றுகளின் எச்சத்தை ஒப்பிடுங்கள். பத்துப் பன்னிரண்டு இலக்கங்கள் ஒத்துப்போக வேண்டும். போகப் போகக் கடைசி இலக்கங்கள் விலகும். கூட்டும் வரிசை மாறினால் மிதவைப்புள்ளிக் கூட்டுத்தொகையும் மாறும், அதைத் துரத்த வேண்டாம். ரேண்டம் எண்களை பிராசஸ் எண்ணிலிருந்து உருவாக்காமல் புள்ளியின் உலகளாவிய குறியீட்டிலிருந்து உருவாக்குங்கள், இல்லையென்றால் இரண்டு ஓட்டங்களும் வேறு வேறு கணக்கைத் தீர்க்கும்.

பிரீகண்டிஷனர்

மூலைவிட்டத்தால் வகுப்பது நம் கணக்கில் ஒன்றும் தராது, ஏனென்றால் மூலைவிட்டம் எங்கும் 6தான். குணகங்கள் இடத்துக்கு இடம் ஆயிரம் மடங்கு மாறும் பொருள்களில் அது கைகொடுக்கும், செலவும் இல்லை.

அடுத்த படி பிளாக் யாக்கோபி. ஒவ்வொரு பிராசஸும் தன் துண்டின் மேல் முழுமையற்ற சோலெஸ்கி காரணிப்படுத்தலை, பூஜ்ய இடங்களில் புதிய எண்கள் நிரம்ப விடாமல், செய்துகொள்ளும். செய்திப் பரிமாற்றமே வேண்டாம். பிராசஸ்களைக் கூட்டக் கூட்டத் துண்டுகள் சிறுத்து, துண்டுகளுக்கு இடையிலான தொடர்பு பிரீகண்டிஷனரிலிருந்து அறுந்துபோய், சுற்றுகள் ஏறும். 64இல் எடுத்த எண்ணிக்கை 4,096இல் செல்லாது.

துண்டுகளைச் சற்று ஒன்றின்மேல் ஒன்று படியவிடும் ஸ்வார்ட்ஸ் முறையில் இது ஓரளவு சீராகும். சோல்வர்கள் அடங்கிய பெட்சி நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே இயல்பாக வருவது ரெஸ்ட்ரிக்டட் வகை, அது சமச்சீரற்றது, சி.ஜி.யோடு சேராது. பேசிக் வகைக்கு மாற்றிவிடுங்கள். காஸ்-சைடலும் அப்படியே. முன்னோக்கி மட்டும் ஓட்டினால் சமச்சீர் கெடும், பின்னோக்கியும் ஒருமுறை ஓட்ட வேண்டும். சிவப்பு-கறுப்பு நிறம் பிரித்து இணையாக்கியவர்கள் சிவப்பு, கறுப்பு, பிறகு மறுபடி சிவப்பு என்று முடிக்க வேண்டும்.

உண்மையான தீர்வு மல்டிகிரிட்தான். குறுகிய அலைப் பிழைகளை நுண்ணிய கட்டத்தில் தேய்த்து, நீண்ட அலைப் பிழைகளைப் பருமனான கட்டத்துக்கு அனுப்புகிறது; கட்டத்தை நுணுக்கினாலும் சுற்றுகள் ஏறுவதில்லை. தேய்ப்பதற்கு வெறும் யாக்கோபியைப் போட்டால் மிகக் குறுகிய அலை குறையவே குறையாது, அடையாளம் மட்டும் மாறி மாறி வரும். முப்பரிமாணத்தில் 6/7 என்ற தணிப்பு எண்ணோடு போடுங்கள், அல்லது செபிஷேவ் பல்லுறுப்பியைப் பயன்படுத்துங்கள். செபிஷேவுக்கு உட்பெருக்கமே தேவையில்லை என்பது பெரிய அனுகூலம். மிகப் பெரிய ஐகன் மதிப்பின் மதிப்பீடு மட்டும் வேண்டும், அது உண்மையைவிடக் குறைந்துவிட்டால் தேய்ப்பதற்குப் பதில் பிழையைப் பெருக்கும். சற்று உயர்த்தியே வையுங்கள். பருமனான மட்டங்களில் சில நூறு புள்ளிகளை ஆயிரக்கணக்கான பிராசஸ்கள் பங்குபோட்டு நிற்பதில் அர்த்தமில்லை, அவற்றைச் சில பிராசஸ்களில் குவித்துத் தீருங்கள். சொந்தமாக எழுதுவதற்கு முன் ஹைப்பர் நூலகத்தின் மல்டிகிரிடான பூமர்ஏஎம்ஜியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒழுங்கற்ற கட்டங்களுக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

எப்போது நிறுத்துவது

கட்டத்தின் இடைவெளி 1/513. இடைவெளியின் வர்க்கமே, அதாவது வெட்டியதால் வந்த பிழையின் அளவு, சுமார் 4×10⁻⁶. எச்சத்தை 10⁻¹² வரை துரத்துவது மின்சாரத்தை எரிப்பதுதான். மறுபக்கம், எச்சம் சிறிதென்றால் பிழையும் அதே அளவு சிறிது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் அணியின் கண்டிஷன் எண் (மிகப் பெரிய ஐகன் மதிப்பை மிகச் சிறியதால் வகுத்தது) ஏறத்தாழ 1,07,000. மோசமான நிலையில் சார்பு எச்சத்தை அத்தனை மடங்கு பெருக்கியதே சார்புப் பிழையாக இருக்கலாம். வலப்பக்கத்தின் அளவோடு ஒப்பிட்டு 10⁻⁸ என்று தொடங்கி, ஒருமுறை 10⁻¹⁰ வைத்து ஓட்டி, தீர்வு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெட்சி சி.ஜி.யில் இயல்பாகச் சோதிப்பது பிரீகண்டிஷன் செய்த எச்சத்தை. பிரீகண்டிஷனரை மாற்றினால் அளவுகோலும் மாறிவிடும், இரண்டு ஓட்டங்களை ஒப்பிடவே முடியாது. உண்மை எச்சத்தைக் காட்டும் மானிட்டரைப் போட்டுவைத்து அதை வைத்தே ஒப்பிடுங்கள்.

அணி சமச்சீராக இல்லாவிட்டால் சி.ஜி.க்குப் பதில் ஜி.எம்.ரெஸ்., அல்லது பை-சி.ஜி.ஸ்டேப் என்னும் சுற்றுமுறை. முன்னது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெக்டரைச் சேமிக்கும். 30 சுற்றுக்கு ஒருமுறை மறுதொடக்கம் என்றால் நம் அளவில் 30 ஜிபிக்கு மேல். பின்னது ஒரு சுற்றில் இரண்டு முறை பெருக்கும், மெமரி குறைவு, எச்சம் குதித்துக் குதித்துத்தான் இறங்கும்.

பிராசஸ்கள் மிகும்போது

இதே கணக்கை 32,768 பிராசஸ்களில் ஓட்டினால் ஒருவருக்கு 16³ புள்ளிகள். அதில் மூன்றில் ஒரு பங்கு வெளி அடுக்கு, மறைப்பதற்குக் கணக்கே மிச்சமில்லை. உள்ளூர் வேலை கேஷுக்குள் அடங்கிச் சில பத்து மைக்ரோ நொடியில் முடியும். 15 கட்டங்கள் ஏறி இறங்கும் ஆல்ரெட்யூஸும் அதே அளவு எடுக்கும். சுற்றுக்கு இரண்டு ஆல்ரெட்யூஸ் என்றால் பாதி நேரத்துக்கு மேல் காத்திருப்புதான்.

இந்த நிலைக்கென்றே பைப்லைன் சி.ஜி. இருக்கிறது. 2014இல் கைசல்ஸும் வான்ரூஸும் வெளியிட்ட வடிவில், சுற்றுக்கு ஒரே கூட்டல், அதுவும் அணிப் பெருக்கலும் பிரீகண்டிஷனரும் ஓடும்போதே பின்னணியில் நடக்கும். இதற்குத் தேவையான தடையற்ற ஆல்ரெட்யூஸ் 2012இன் எம்.பி.ஐ. 3இல் வந்தது. மாற்றிவிட்டு நேரம் குறையவில்லை என்றால், நூலகம் வெயிட் அழைக்கும் வரை கூட்டலைத் தொடங்காமலே இருக்கிறதா என்று பாருங்கள். பல நூலகங்களில் பின்னணி முன்னேற்றத்துக்கான த்ரெட்டைத் தனியாக இயக்க வேண்டும், அதற்கு ஒரு கோரையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இன்னொரு விலையும் உண்டு. கூடுதல் வெக்டர்களைத் தொடர் சூத்திரத்தால் புதுப்பித்துக்கொண்டே போவதால், இலக்கங்களை வெட்டுவதில் வரும் ரவுண்டிங் பிழை சாதாரண சி.ஜி.யைவிட வேகமாகக் குவியும். சூத்திரம் காட்டும் எச்சம் 10⁻¹² வரை இறங்கிக்கொண்டே இருக்க, உண்மை எச்சம் அதற்கு மிக மேலேயே தேங்கி நின்றுவிடலாம். ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை வலப்பக்கத்திலிருந்து அணி × தீர்வைக் கழித்து உண்மை எச்சத்தைக் கணக்கிடுங்கள். இரண்டும் பத்து மடங்குக்கு மேல் விலகினால் சூத்திர எச்சத்தை எடுத்துவிட்டு உண்மையானதை வைத்து, துணை வெக்டர்களையும் அதிலிருந்து புதிதாகக் கணக்கிட்டுத் தொடருங்கள்.